சுண்ணாம்பு பூச்சு தெரிஞ்ச கொத்தனார் வேணும் (மதுர, திருநகர்)

மக்களே ஒரு உதவி. வீட்ல ஒரே ஒரு ரூம மட்டும் டிவி, ஃபால்ஸ் சீலிங் எதுவும் இல்லாம, சும்மா உக்காந்தாலே மனசு அடங்குற மாதிரி மாத்தலாம்னு இருக்கேன். தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் கல்லு (சூளைல வேக வைக்காம தண்ணில ஊறப்போட்டே இறுக வைக்கிறது), படுக்க கோரப்பாய், மூலைல மானாமதுர பானை, இதெல்லாம் கிடைச்சிரும். செவுருதான் பிரச்சன. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு பூசணும்னு கேட்டா, "ஏண்ணே மகாலா கட்டப் போறீங்க, ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு விடுங்க"ன்னு கொத்தனாருங்க சிரிக்கிறாங்க. 1636ல இப்படிப் பூசிக் கட்டுன நம்ம திருமலை நாயக்கர் மகால் இன்னும் நிக்கிதேன்னா அதுக்கும் சிரிப்புத்தான். பழைய சிமெண்ட் பூச்ச முழுசா கொத்தி எடுக்கணுமா, மேலயே பூசலாமா? இந்த வேல பாத்த ஆள் தெரிஞ்சா சதுரடிக்கு என்ன கூலின்னும் சேத்துச் சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிஞ்சா போதும்.