சந்தூர் மாங்கன்று நர்சரி தளம்: காசு கொடுத்து லிங்க் வாங்கலாமா?

சந்தூர் நாற்றங்கால்:

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் அப்பா மாங்கன்று நர்சரி நடத்துகிறார். பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா, பங்கனபள்ளி, மல்கோவா என்று எல்லாமே ஒட்டுக் கன்றுகள். போன வருடம் தளம் ஆரம்பித்தோம். முகவரியை நேராகத் தட்டினால் வருகிறது. 'சந்தூர் மாங்கன்று' என்று தேடினால் கூகுளில் மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தும் காணோம். எங்களிடம் கன்று வாங்கி விற்கிற வெளியூர்க்காரர்களின் தளங்கள்தான் முன்னால் நிற்கின்றன. அப்பாவுக்கு ரொம்ப வருத்தம்.

ஒருவர் போனில் பேசினார். 6,000 ரூபாய் கொடுத்தால் 500 தளங்களில் எங்கள் லிங்க்கைப் போட்டு, ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவாராம். முகப்புப் பக்கத்தின் அடியில் 'மாங்கன்று, மாஞ்செடி, மாங்கன்று விலை' என்று நூறு தடவை எழுதி, வெள்ளை நிறத்தில் மறைத்துவிடலாம் என்றும் சொன்னார். செய்யலாமா? ஆடியில் நடவு தொடங்குவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

பர்கூர் ஜவுளி:

கொடுக்காதீர்கள். எங்கள் வரிசையில் ஒரு கடைக்காரர் இப்படி வாங்கிய பட்டியலை நான் பார்த்தேன். சூதாட்டத் தளம், மாத்திரை விற்கிற தளம், யாரும் எட்டிப் பார்க்காத ஏதேதோ பக்கங்கள். சேலை வாங்குகிறவர் ஒருவர்கூட அந்த வழியாக வர மாட்டார்.

காவேரிப்பட்டணம் வெப்:

தம்பி, முதலில் அந்த 6,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். மாங்கூழ் ஆலைகளுக்கும் நர்சரிகளுக்கும் தளம் செய்து கொடுப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிங்க்குக்கு மதிப்பு உண்டு என்பது உண்மை. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே அதுதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவருக்கு எவ்வளவு மதிப்போ, அந்த அளவுக்குத்தான் அந்தச் சிபாரிசுக்கும் மதிப்பு. இதை வைத்துப் பலர் லிங்க் வியாபாரம் செய்ததால், 2012 ஏப்ரலில் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளினார்கள். 2016க்குப் பிறகு பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக, பணம் வீண். ஆளை வைத்துச் சோதித்துத் தண்டனை போட்டார்கள் என்றால் தளமே தேடலில் இருந்து காணாமல் போகலாம். வெள்ளை எழுத்தில் மறைப்பதும் விதிமீறல்தான். கீவேர்ட் மெட்டா டேக்கில், அதாவது பார்க்கிறவர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் தேடல் வார்த்தைப் பட்டியலில், வார்த்தைகளை அடுக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அதற்கும் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

கீவேர்டு, அதாவது மக்கள் தேடும் வார்த்தைகள், தெரிய உங்கள் அப்பாவின் போன் போதும். கன்று கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஏக்கருக்கு எத்தனை கன்று வேண்டும்?' 'ஒட்டுக் கன்றா, விதைக் கன்றா?' 'கூழ் ஆலைக்குக் கொடுக்க எந்த ரகம்?' தேடுகிறவர்களும் இதையேதான் தட்டுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40 கன்று, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அடர்நடவு என்றால் சுமார் 160. இதை வெறும் கணக்காக விட்டுவிடாமல், எந்த மண்ணில் எதை அப்பா பரிந்துரைக்கிறார், ஏன் என்றும் எழுதுங்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்று அவர் தினமும் சொல்வாரே, அதைக் கன்றைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோவோடு போடுங்கள். வாங்கி விற்கிறவரால் இதை எழுத முடியாது. உங்கள் பலம் இதுதான்.

பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு என்று ஒரே மா ரகத்தைப் பல பெயரில் தேடுகிறார்கள். அதற்காக மூன்று பக்கம் வேண்டாம். ஒரே பக்கத்தில் மூன்று பெயரும் இயல்பாக வந்தால் போதும்.

இனி லிங்க். உங்களிடம் வாங்கி விற்கிறார்களே, அவர்களிடமே கேளுங்கள். 'கன்றுகள் சந்தூரில் இந்த நர்சரியில் வளர்ந்தவை' என்று ஒரு வரியும் லிங்க்கும் போட்டால் அவர்களுக்கும் நம்பிக்கை கூடும். கன்று வாங்கித் தோப்பு வைத்தவர்களில் யாராவது யூடியூப் சேனல் நடத்தினால், வீடியோவின் கீழே உங்கள் முகவரியைப் போடச் சொல்லுங்கள். அந்த லிங்க்குக்குக் கூகுள் மதிப்பெண் தராது, ஆனால் உண்மையான விவசாயிகள் அதன் வழியாக வருவார்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குக் கன்று கொண்டுபோனால், அதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களிடம் தளத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இப்படிப் பத்து லிங்க் கிடைத்தாலும் அந்த 500ஐவிட மேல்.

சந்தூர் நாற்றங்கால்:

ரொம்ப நன்றி அண்ணா. நோட்டு போட்டாயிற்று, அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு சந்தேகம். தளத்தில் ரகங்களின் பெயர், விலை எல்லாம் நாங்கள் அச்சடித்த நோட்டீஸின் படமாகத்தான் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பு 'முகப்பு' என்று மட்டும் இருக்கிறது. இதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

காவேரிப்பட்டணம் வெப்:

உண்டு, பெரிய பாதிப்பே அதுதான்! படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்காரக் கூடாது. அப்படிப் பார்த்தால் உங்கள் தளத்தில் 'மாங்கன்று' என்ற வார்த்தையே இல்லை. எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்டிப் போடுங்கள். தலைப்பை 'சந்தூர் மாங்கன்று நர்சரி – ஒட்டு மாங்கன்றுகள், கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று மாற்றுங்கள். போட்டோக்களின் அளவைக் குறையுங்கள், தோப்பில் நின்று போனில் பார்க்கிறவருக்குச் சீக்கிரம் திறக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரையில் (படத்தில் என்ன இருக்கிறது என்று அதனுடன் சேர்த்து எழுதும் குறிப்பு, alt text) ரகத்தின் பெயரை எழுதுங்கள். அப்புறம் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், இலவசம்தான். எந்த வார்த்தைக்கு எத்தனையாவது இடத்தில் வருகிறீர்கள் என்று அதில் தெரியும்.

பர்கூர் ஜவுளி:

கூகுள் மேப்பிலும் நர்சரியைப் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் தேடினால் தூரத்தையும் பார்த்துத்தான் காட்டும். எங்கள் கடைக்கு வெளியூர் ஆட்கள் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். கன்று வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லுங்கள், காசு கொடுத்து எழுத வைக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம் வெப்:

சரியான யோசனை, ஆடிக்கு முன்னால் பலன் தரக்கூடியது அதுதான். தளம் மேலே வர 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே சொல்கிறது. மேப் பதிவை இன்றைக்கே செய்யுங்கள் தம்பி. நோட்டில் சேர்ந்த கேள்விகளை இங்கே போடுங்கள், எதை முதலில் எழுதலாம் என்று பார்க்கலாம்.