கிராவல் குவாரி வருகிறது, கிணறுகளை அளக்க உதவுங்கள்

வணக்கம். விழுப்புரம் மாவட்டம், வானூர் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கு மேற்கே கிராவல் குவாரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கிணறு வற்றிவிடுமோ என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பயம், எனக்கும்தான். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டி, குழியில் ஊறுவதை மோட்டார் வைத்து இறைத்தால் சுற்றியுள்ள கிணறுகளிலும் தண்ணீர் இறங்கும்.

இப்போதே மட்டத்தை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. காலையில் மோட்டார் போடும் முன், கயிற்றில் கல் கட்டி திறந்த கிணறுகளை அளந்து வருகிறோம். போர்வெல்லை எப்படி அளப்பது? அதற்கான கருவி யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், குவாரியின் சுரங்கத் திட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறார்கள், நீர்மட்டம் எங்கே என்று காட்டியிருக்கிறார்கள் என்பதைப் படித்து விளக்க நிலத்தடி நீர் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். வண்டிச் செலவு, சாப்பாடு எங்கள் பொறுப்பு. தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள்.