புதுப்பிப்பு: தோள்பை வாரைக் கையாலேயே தைத்தாயிற்று

தோல் பையின் வார் பிய்ந்துவிட்டது, மெஷினில் கொடுக்கவா கையால் தைக்கவா என்று கேட்டிருந்தேன் அல்லவா? கையால்தான் தைத்தேன், இரட்டை ஊசித் தையல். ஒரே நூல், இரு முனையிலும் கூர் இல்லாத மொட்டை ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழையும். மெஷின் தையலில் ஓரிடம் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும்.

நூல் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு: தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு, தடித்த தோலுக்கு இன்னும் கொஞ்சம். துளைகளைச் சம இடைவெளியில் குறிக்க சாப்பாட்டு முள்கரண்டியே போதும். ஆனால் துளை போடும் குத்தூசியில் கஞ்சத்தனம் வேண்டாம், மழுங்கியது தோலைக் கிழித்துவிடும். கடைசியில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, பாலியஸ்டர் நூல் என்பதால் நுனியைத் தீயில் லேசாக உருக்கினேன். இப்போது லேப்டாப்போடு தொங்குகிறது.