அனுபவப் பகிர்வு: கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளில் கேட்டதும் கேட்கத் தவறியதும் (மலேசியத் தமிழ் ரசிகர்கள் எழுதியவை; ஒவ்வொரு பகிர்வின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் ஊர்)

பெட்டாலிங் ஜெயா, முன்னாள் மாணவன்

1989 ஜூலை 18, விஸ்கான்சின் மாநிலத்தின் ஈஸ்ட் டிராய்க்கு அருகே இருக்கும் ஆல்பைன் வேலி அரங்கம், மூன்று இரவுக் கச்சேரியின் நடு இரவு. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றியோ, மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிக்கும் அவர்களுடைய மனோதர்மத்தைப் பற்றியோ இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே நேராக என் தவற்றுக்கு வருகிறேன்.

இரண்டாம் பகுதியின் நடுவில் மற்றவர்கள் எல்லாரும் மேடையை விட்டு இறங்கிவிட, குழுவின் தாளக்காரர்களான பில் கிராய்ட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் மட்டும் தாளக் கருவிகளோடு நிற்கும் நேரம் வந்தது. 'டிரம்ஸ்' என்று எல்லாரும் சொல்லும் பகுதி அதுதான். சிறுவயதில் அப்பா என்னைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கச்சேரிகளுக்கு அழைத்துப் போவார். பாட்டு நின்று, மிருதங்கக்காரர் தாம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து காப்பிக்குப் போகும், நாங்களும் போவோம். அந்தப் பழக்கம் கடல் கடந்தும் என்னோடு வந்திருக்கிறது என்பது, புல்மேட்டிலிருந்து என் கால்கள் என்னைக் கேட்காமலேயே எழுந்தபோதுதான் தெரிந்தது. அங்கேயும் பாதிக் கூட்டம் எழுந்தது என்பதால் எனக்குச் சிறு குற்ற உணர்ச்சிகூட ஏற்படவில்லை.

கழிவறை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காதில் எதுவும் விழுவதற்கு முன்பே செருப்பின் அடி வழியாக ஏதோ ஏறியது. சுவரில் அறைந்திருந்த, கை துடைக்கும் காகிதம் வைக்கும் தகரப் பெட்டியின் மூடி கடகடவென்று ஆடத் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற தாடிக்காரர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, நீயும் வை என்பதைப் போலத் தலையை ஆட்டினார். வைத்தேன். கேட்பதா தொடுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் அதிர்வு மணிக்கட்டு வரை வந்தது. நாங்கள் இருவரும் வரிசை நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அலுமினியச் சட்டத்தில் பியானோவின் கனத்த கம்பிகளைக் கட்டி ஹார்ட் வைத்திருந்த 'பீம்' என்ற கருவி அது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நான் ஓடித் திரும்பியபோது கிதார்க்காரர்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். 1995 ஆகஸ்ட் 9-இல் குழுவின் கிதார்க்காரர் ஜெர்ரி கார்சியா இறந்த செய்தியைக் கோலாலம்பூரில் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய கிதார் இல்லை, அந்தத் தகரப் பெட்டிதான். அன்றைய இரவின் பதிவை இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டும் இருக்கிறேன். கைக்கு வந்தது பதிவில் வரவில்லை.

ஜெலுத்தோங், தங்கை

நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. 30 ஆண்டுகள் மேடையேறிய குழு நம் பக்கம் ஒருமுறைகூட வரவில்லை. நானும் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போனது குறைவு. ஆனாலும் எழுதுகிறேன்.

என் அண்ணன் அயோவாவில் படித்தபோது, ஊருக்கு வருபவர்களின் கையில் கேசட்டுகளைக் கொடுத்தனுப்புவார். ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை என்பதும், 1984 அக்டோபரிலிருந்து, அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் ஒலிப்பலகைக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது என்பதும், நாடாக்களை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பதும் நீங்கள் அறிந்தவையே. அண்ணன் பதிவு செய்பவர் இல்லை. பதிவு செய்யும் நண்பருக்குப் பக்கத்தில் உட்காருபவர். ஒரு நாடாவில், மெதுவான பாட்டு ஒன்று முடிந்து கைதட்டல் எழுவதற்கு முன்பு இருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில், மைக்குக்கு மிக அருகே ஒரு குரல் கேட்கும்: "போதாதுடா, இன்னும் கொஞ்சம்." அது அண்ணன்.

அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். யாரிடம் கேட்கிறான் என்றார். மேடையில் இருக்கும் வெள்ளைத் தாடிக்காரரிடம் என்றேன். அவருக்குத் தமிழ் தெரியுமா என்று அம்மா கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அண்ணன் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டி என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

செந்தூல், மிருதங்கம்

பெட்டாலிங் ஜெயா அண்ணன் எழுதியதை மதித்தே மறுக்கிறேன். தனி ஆவர்த்தனமும் 'டிரம்ஸ்' பகுதியும் ஒன்றில்லை. தனி என்பது எடுத்துக்கொண்ட தாளத்துக்குள்ளேயே நிற்பது. நடையை மாற்றினாலும், எவ்வளவு தூரம் போனாலும், மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். பாட்டு அங்கே காத்திருக்கும். 'டிரம்ஸ்' அப்படித் திரும்பி வருவதில்லை. அது 'ஸ்பேஸ்' என்ற, தாளமே இல்லாத வெளிக்குள் கரைந்து, அங்கிருந்து வேறொரு பாட்டு முளைக்கும். இரண்டிலும் கூட்டம் எழுந்து போகிறது என்பது மட்டுமே ஒற்றுமை. என் அரங்கேற்றத்தில் நான் தனி வாசித்த 12 நிமிடங்களில் என் எதிரே தெரிந்தவை பெரும்பாலும் முதுகுகள். அத்தையின் முதுகும் அவற்றில் ஒன்று. ஆகையால் எழுந்து போனதை அழகான நினைவாக எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் உறவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு சேர்ந்து வாசித்த திகா ரிதம் பேண்டின் இசைத்தட்டு 1976-இல் வந்தது. பதினோரு எண்ணிக்கையில் கிரேட்ஃபுல் டெட் குழு ஒரு பாட்டே வைத்திருந்தது. அதன் பெயரே 'தி இலெவன்'. 1991-இல் ஹார்ட் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் போனது. பெட்டாலிங் ஜெயா அண்ணன் தகரப் பெட்டியில் கை வைத்தபோது, அதற்குள் ஒரு மூலையில் நம் ஊர்ப் பாடமும் அதிர்ந்துகொண்டிருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவம் வேறு குழுவினுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் வேலை நிமித்தம் நியூயார்க் போயிருந்தேன். மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கத்தில் பிஷ் என்ற அமெரிக்க ராக் குழு 13 இரவுகள் வாசித்து, ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை வாசிக்காமல் முடித்த தொடர் அது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு டோனட் வகையின் பெயர். வாசலில் டோனட் இலவசம். நான் போனது 25-ஆம் தேதி. 'லான் பாய்' என்ற, வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் மெல்லிய பாட்டு, அன்று முடிய மறுத்து ஏறத்தாழ அரை மணி நேரம் போயிற்று. என் வலது கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பக்கத்தில் நின்ற நடுவயது அம்மையார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவரும் தம் தொடையில் அதைப் போலவே போட்டார், கையைத் திருப்பிப் போடும் வீச்சு மட்டும் தவறிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு முடிந்தபோது அவர் எங்கே விட்டார், நான் எங்கே விட்டேன் என்று இருவருக்குமே தெரியவில்லை. அரங்கேற்றத்தில் முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்

1986 டிசம்பர் 15. எங்கள் கப்பல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கட்டியிருந்தது. அன்று இரவு ஓய்வு. கார்சியா ஜூலையில் நீரிழிவு நோயால் நினைவிழந்து, பிழைத்து, கிதாரைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து பழகி மேடைக்குத் திரும்பிய இரவு அது என்பதை டிக்கெட் வாங்கிக் கொடுத்தவன் சொல்லித்தான் அறிந்தேன். முதல் பாட்டில் தாம் பிழைத்துக்கொள்வோம் என்ற பொருள்படும் வரி வந்தபோது, என் முன்வரிசையில் பார வண்டி ஓட்டுநரைப் போலிருந்த ஓர் ஆள் தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

இப்போது ஜெலுத்தோங் தங்கைக்கு. அம்மா, அலமாரியின் மேல்தட்டு கேசட்டுக்கு ஏற்ற இடமே இல்லை. பினாங்கின் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். சன்னல் வழியே வரும் வெயில் அதைவிடக் கெடுதல். மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, நூல்களைப் போல நிமிர்த்தி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும். பழைய ரீல் நாடாக்களை மெல்லிய சூட்டில் வாட்டி மீட்கும் ஒரு முறை உண்டு. அது ஒருவகைப் பசை பூசிய நாடாக்களுக்கு மட்டுமே உரியது, கேசட்டை அடுப்பில் வைத்தால் பிளாஸ்டிக் ஓடே உருகிவிடும். பூஞ்சை தெரிந்தால் அந்த நாடாவை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போடவே கூடாது, ஒலியைப் படிக்கும் தலைப்பகுதி வழியாக மற்ற நாடாக்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுவதற்கு முன், கேசட்டின் திறந்த ஓரத்தின் நடுவே நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டைப் பாருங்கள்; பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கும், கேட்பவர்கள் நாடா போய்விட்டது என்று தவறாக எண்ணுவார்கள். திருகாணி போட்ட ஓடாக இருந்தால் திறந்து வேறு கேசட்டின் பஞ்சை வைத்துவிடலாம். ஒட்டிய ஓடாக இருந்தால் விளிம்பில் மெல்லிய கத்தி விட வேண்டும். ஒருமுறை கடைசி வரை சுற்றி, மீண்டும் முன்னுக்குச் சுற்றிய பிறகே கணினிக்கு மாற்றுங்கள். டெக்கின் தலையைத் திருகாணியால் மிக மெல்லத் திருப்பி, கைதட்டல் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை, பதியும்போது போட்டிருந்தால் மட்டும் போட வேண்டும். சுருக்கிய வடிவத்தில் சேமிக்காதீர்கள், இரண்டு வெவ்வேறு இடங்களில் படி வைத்திருங்கள். படகுத் துறைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் என் டெக்கைத் தருகிறேன். பட்டையை இந்த ஆண்டுதான் மாற்றினேன்.

செராஸ்

செந்தூல் தம்பி இத்தனை கோபப்பட வேண்டாம். 2024-இல் லாஸ் வேகஸ் ஸ்பியர் அரங்கத்தில், கிரேட்ஃபுல் டெட்டில் எஞ்சியவர்கள் சிலரும் கிதார்க்காரர் ஜான் மேயரும் சேர்ந்த டெட் அண்ட் கம்பெனி 30 இரவுகள் வாசித்தது. அதில் ஒன்றுக்கு என் மகள் என்னை அழைத்துப் போனாள். அங்கே இருக்கைகளுக்குள்ளேயே அதிர்வுக் கருவி வைத்திருக்கிறார்கள். 80 வயது மிக்கி ஹார்ட் பீமைத் தொட்டதும் என் முதுகெலும்பு முழுவதும் அதிர்ந்தது. எங்கள் வரிசையில் ஒருவர்கூட எழவில்லை. எழ முடியாமல் செய்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஆனால் எனக்கு ஒரு குறை. அந்த அதிர்வு ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தனியாகப் பங்கிட்டுக் கொடுத்ததைப் போல இருந்தது. மகளைப் பார்த்தேன், அவள் கண்ணை மூடித் தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியில் இரண்டு பேர் கை வைத்ததாகப் பெட்டாலிங் ஜெயா ஐயா எழுதியதைப் படித்தபோது, டிக்கெட்டுக்கு மகள் கொடுத்த தொகை கணக்கில் வந்து போனது. அந்தத் தொகையை இங்கே எழுதினால் என் மனைவியும் படிப்பார்.

ஜெலுத்தோங், தங்கை

பட்டர்வொர்த் அண்ணனுக்கு மிக்க நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதியதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது: நாடாவில் பூஞ்சை இருப்பதாக நான் எழுதவில்லையே. நாடா நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த இடம் வருவதற்கு முன் நான்தான் நிறுத்திவிடுகிறேன்.

ஆனாலும் உங்கள் பேச்சைக் கேட்டு நேற்றுப் பெட்டியைக் கீழே இறக்கிச் சிலிக்கா பொட்டலங்கள் போட்டேன். அப்போது பெட்டாலிங் ஜெயா அண்ணன் எழுதிய அதே அரங்கத்தின் பெயரில் மூன்று உறைகளைப் பார்த்தேன். 17-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் இருக்கின்றன. 18-ஆம் தேதி உறையில் அட்டை மட்டுமே இருக்கிறது, கேசட் இல்லை. யாருக்கோ கொடுத்துத் திரும்பி வராமல் இருந்திருக்க வேண்டும். அட்டையில் அண்ணன் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடமும் நொடியும் குறித்திருக்கிறார். 'டிரம்ஸ்' என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு போட்டிருக்கிறார். அவரும் எழுந்து போய்விட்டாரா என்று தெரியவில்லை. பெட்டாலிங் ஜெயா அண்ணன், அந்தத் தாடிக்காரர் வெள்ளைக்காரர்தானா?