மறுமொழி: ‘சர்தி கலா’வுக்குத் தமிழில் ‘ஏறுமனம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சீக்கிய சமய நூலுக்காக நாம் தமிழ்ச் சொல் தேடும் பஞ்சாபிச் சொற்களில் ஒன்று ‘சர்தி கலா’, துன்பத்திலும் தளராமல் நிமிர்ந்து நிற்கும் மனநிலை. அதைப் பற்றி நீங்கள் கேட்டது:

> சர்தி கலா = நன்னம்பிக்கை என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பது நன்னம்பிக்கை. சர்தி கலா நாளையைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

லூதியானா பக்கம் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அறுவடைத் திருநாளான வைசாகிக்குச் சில நாள் முன்பு ஓர் இரவு ஆலங்கட்டி மழை. காலையில் வீட்டுக்காரரோடு நானும் வயலுக்குப் போனேன். அறுப்புக்கு நின்ற கோதுமை பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. அவர் ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். உமி ஒட்டிக்கொண்டது, மணி ஊறி மெத்தென்று இருந்தது. வரப்பில் எதிரே வந்த பக்கத்து வயல்காரர் “எப்படி?” என்று கேட்டார். “சர்தி கலா” என்றார் இவர். விளைச்சல் தேறிவிடும் என்று அவர் சொல்லவில்லை. பாதி போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். பயிர் படுத்தாலும் நான் படுக்கவில்லை என்பதுதான் அந்தப் பதில். இதை நன்னம்பிக்கை என்றால் பொருள் பாதிகூட வராது.

ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்போருக்கு ஒன்று: நம் மருத்துவ நூல்களில் ‘சர்த்தி’ என்றால் வாந்தி. பஞ்சாபி ஒலி நம் ர-வுக்கும் ட-வுக்கும் நடுவே நிற்பது, அதைத் தமிழ் எழுத்தில் சரியாகப் பிடிக்கவும் முடியாது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘சர்தி’ என்பது ஏறுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த எச்சம், ‘ஏறுகின்ற’ என்று பொருள். கதிரவன் ஏறும் திசை கிழக்கு என்பதால் இந்தியப் பஞ்சாபுக்குச் ‘சர்தா பஞ்சாப்’ என்றே பெயர், பாகிஸ்தான் பக்கம் ‘லெஹந்தா’, அதாவது இறங்குகிற பஞ்சாப். ‘கலா’ இங்கே ஆற்றல். நம் காதில் அது ஓவியமும் நாட்டியமுமாகக் கேட்பதால்தான் ‘எழுகலை’ என்று ஒருவர் முன்மொழிந்தார். அதைப் பார்க்கிறவர் ஏதோ நுண்கலை என்றுதான் நினைப்பார்.

‘ஏறுமுகம்’ எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. பஞ்சாபியில் எதிர்ச்சொல்லாகச் சரிவைக் குறிக்கும் ‘டஹிந்தி கலா’ உண்டு, நம்மிடம் ‘இறங்குமுகம்’ தயாராக இருக்கிறது. ஆனால் தங்கம் விலைக்கும் ஏறுமுகம், கட்சியின் செல்வாக்குக்கும் ஏறுமுகம். அது நிலவரத்தைச் சொல்லும் சொல். சர்தி கலா தேவைப்படுவதோ நிலவரம் இறங்குமுகமாக இருக்கும்போது. ‘மனவெழுச்சி’யை உளவியல் பாடநூல்கள் வேறு பொருளில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன.

ஆகவே என் முன்மொழிவு: ஏறுமனம்.

இது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் அடங்குகிற மாதிரி, இங்கேயும் ஏறிய, ஏறுகின்ற, ஏறும் மனம் எல்லாம் அடங்கும். ஏறி முடித்து உட்கார்ந்துவிட்ட மனம் அல்ல. எதிர்ச்சொல்லுக்கு ‘இறங்குமனம்’ வேண்டாம், தமிழில் மனம் இறங்குவது இரக்கம். ‘தளர்மனம்’ சரியாக இருக்கும்.

இந்தச் சொல் எங்கே பழகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1748 முதல் 1753 வரை லாகூரை ஆண்ட மீர் மன்னு சீக்கியர்களை வேட்டையாடிய காலத்துச் சொலவடை ஒன்று உண்டு: மன்னு எங்கள் அரிவாள், நாங்கள் அவன் அறுக்கும் சதகுப்பைச் செடி, அறுக்க அறுக்க இருமடங்காய் முளைப்போம். போர்வீரப் பிரிவினரான நிஹங் சீக்கியர்களின் தனிவழக்கில் வறுத்த கடலைக்குப் பெயர் ‘பாதாம்’, வெங்காயம் வெள்ளி, தனி ஓர் ஆள் ‘சவா லாக்’, ஒன்றேகால் லட்சம் பேர். கையில் வெறும் கடலை இருக்கும்போது அதைப் பாதாம் என்று சொல்லித் தின்றுவிட்டு மறுபடி குதிரை ஏறுவது எப்படிப்பட்ட மனம்! இறப்பைக்கூட அதே ஏறும் வினையிலிருந்து வந்த ‘சர்ஹாயி’ என்ற சொல்லால் குறிப்பார்கள். ‘ஏறு’ என்ற வேரை நாம் விடவே கூடாது என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

> அடுத்து ‘அணக்’. தன்மானமா, சுயமரியாதையா?

இதில் எனக்குச் சுயமரியாதைதான். ‘மானம் போய் வாழ்ந்தால் உண்பதெல்லாம் ஹராம்’ என்பது குரு நானக் வாக்கு. அவர் சொல்லும் ‘பத்’துக்கு நம் ‘மானம்’ நேராகவே பொருந்தும், அந்த இடத்தில் அதையே போடலாம். ஆனால் ‘குடும்ப மானம்’ என்று சொல்லிப் பெண்ணைக் கொல்வதும் நம்மிடம் உண்டு. பஞ்சாபி நாளிதழ்கள் அத்தகைய கொலையை ‘அணக் காதர் கத்ல்’ என்றே எழுதுகின்றன. அந்த நாற்றம் ஒட்டாத சொல்லாக வேண்டும். சீக்கியரின் ஒன்பதாம் குருவான குரு தேக் பகதூர், எவரையும் அச்சுறுத்தாதவன், எவருக்கும் அஞ்சாதவன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். 1675இல் டெல்லியில் தலை கொடுத்தவர் சொன்னது. தன் மதிப்பும் பிறர் மதிப்பும் ஒன்றாக நிற்கும் அந்த இடம்தான் லங்கரில், அதாவது குருத்வாராவின் பொது உணவுக்கூடத்தில், எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காரும் ‘பங்கத்’. 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தொடங்கிய பின் சாதிப் பெயர் இருந்த இடத்தில் சிங், கௌர் வந்ததும் அதனால்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடத் தீர்மானித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த இயக்கம் கடவுளை மறுத்தது, சமய நூலில் அதன் சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சொல் சுமந்து வருவது சமத்துவம். அது இங்கே அப்படியே வேண்டும்.

அப்புறம், நான் என்ற முனைப்பைக் குறிக்கும் ‘ஹௌமை’க்கு ‘ஆணவம்’ வேண்டாம், சைவ சித்தாந்தத்தின் மலக் கோட்பாடு முழுவதும் கூடவே வந்துவிடும். ‘நான்-எனல்’ என்று போட்டுப் பார்க்கலாம்.

இனி, சோதனை. அர்தாஸ் வேண்டுதலின் கடைசி வரியில் சொல்லை வைத்துப் பார்த்தேன். எல்லோரும் கைகூப்பி நிற்க, இந்த வரி முடிந்ததும் நெற்றி தரையில் படும்.

‘நானக் நாம் சர்தி கலா, தேரே பாணே சர்பத் தா பலா.’

‘நானக்கே, நாமத்தால் ஏறுமனம், உன் திருவுளப்படி எல்லோர்க்கும் நலம்.’

எனக்கு இது நிற்கிறது. ‘பாணா’வுக்குத் ‘திருவுளம்’ நம்மிடம் முன்பே இருந்தது நல்லதாகப் போயிற்று. ‘சர்தி கலாவில் இருங்கள்’ என்பதை ‘ஏறுமனத்தோடு இருங்கள்’ எனலாம், தடையில்லை.

வரப்பில் நின்று சொன்ன அந்த ஒற்றைப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. “எப்படி?” “ஏறுமனம்.” கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. “ஏறுமனந்தான்” என்று இழுத்துச் சொன்னால் சரியாகுமா? வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.