கெர்னிங் மென்பொருளைச் சோதிக்கும் விதம்: என் அனுபவம்

எழுத்துரு மென்பொருள்களை ஒப்பிடும் பலரும் வரைகருவியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வளைவு எவ்வளவு இழைவாக வருகிறது, புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு எப்படி நகர்கிறது என்பதிலேயே சோதனைக் காலம் தீர்ந்துவிடுகிறது. அங்கே பெரிய வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. கிளிஃப்ஸ், ஃபான்ட்லேப், ரோபோஃபான்ட் மூன்றிலும் நல்ல வளைவு வரையலாம். இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்ஃபோர்ஜிலும் வரையலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். உண்மையான வேறுபாடு கெர்னிங்கில்தான், அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான வெளியை ஜோடி ஜோடியாகச் சரிசெய்வதில்தான் தெரியவரும். அதுவும் மென்பொருளின் ஜோடிச் சாளரத்தில் அன்று, எழுத்துருவை வெளியே எடுத்து ஒரு பத்தியைக் கோத்துப் பார்க்கும்போது.

சோதனைப் பதிப்பு கைக்கு வந்ததும் நான் உள்ளிட்டுப் பார்க்கும் முதல் சொல் 'அடே'. யூனிகோடில் இது அகரம், டகரம், இரட்டைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு டகரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. ஆகவே இடைவெளி பார்க்க வேண்டிய ஜோடிகள் அகரமும் கொம்பும், கொம்பும் டகரமும். ஒரு மென்பொருளில் (பெயர் வேண்டாம்) ஜோடிச் சாளரம் சேமித்த வரிசையையே காட்டியது. டகரத்தை அடுத்துக் கொம்பு நின்றது. இடையிலிருந்த வெற்றிடம் கண்ணை உறுத்தியது. அதைக் குறைக்கச் சொல்லிப் பரிந்துரையும் வந்தது. அந்த மதிப்பை ஏற்றுக்கொண்டால் 'அடே' என்ற சொல்லில் ஒரு மாற்றமும் நிகழாது, ஏனென்றால் அந்த ஜோடி அங்கே உருவாவதே இல்லை. ஆனால் 'படமே' என்று எழுதும்போது மகரத்தின் கொம்பு டகரத்தை ஒட்டி வந்து நிற்கும். குறைத்த மதிப்பு அங்கே போய் வேலை செய்யும். ஒரு சொல்லுக்காகச் செய்த திருத்தம் வேறொரு சொல்லைக் கெடுக்கிறது. இந்தச் சோதனையில் தோற்கும் மென்பொருளிடம் வேறு எந்தச் சிறப்பு இருந்தாலும் நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

அடுத்தது தானியங்கிக் கெர்னிங். இது புதிய எண்ணம் அன்று. 1970களில் பீட்டர் காரோவ் உருவாக்கிய, எழுத்து வடிவங்களைக் கணினியில் பதிவுசெய்யும் ஐகாரஸ் முறையைக் கொண்டிருந்த ஹாம்பர்க் நகரின் யூஆர்டபிள்யூ நிறுவனம் கெர்னஸ் என்ற தானியங்கிக் கெர்னிங் நிரலையும் வெளியிட்டது. அந்த மரபில் வந்த டிடிஎல் ஃபான்ட்மாஸ்டர் என்ற எழுத்துரு மென்பொருளில் கெர்ன்மாஸ்டர் என்று தனிப் பகுதியே உண்டு. இன்று கிளிஃப்ஸ் பயன்படுத்துபவர்கள் டிம் ஆரன்ஸ் எழுதிய கெர்ன் ஆன் செருகுநிரலை அதிகம் பேசுகிறார்கள். சில மாதிரி ஜோடிகளை நாம் நம் கண்ணால் சரிசெய்து கொடுக்க வேண்டும். மற்ற ஜோடிகளை அது அந்த மாதிரிகளிலிருந்து கணித்துக்கொள்கிறது. இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தீர்ப்பு நம்மிடமே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் கொட்டும் கருவிகளைப் பார்த்தால் எனக்கு அச்சம்தான் வருகிறது. ஒரு கருவி, எழுத்தை வரையும் 1000 அலகு சதுரத்தில் 2, 3 அலகு மதிப்புகளாகவே பெரும்பாலான ஜோடிகளை நிரப்பித் தந்தது. பத்தி எழுத்தளவில் அந்த மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது. கோப்பின் எடையும் திருத்தும் சுமையும்தான் கூடும். எழுத்துகளின் இருபக்க இடைவெளியைச் சரியாக அமைக்காமல் கெர்னிங்கில் இறங்கினால் எந்தக் கருவியும் இப்படித்தான் தடுமாறும். பக்க இடைவெளி சரியாக இருந்தால் கெர்னிங் தேவைப்படும் ஜோடிகள் தாமாகவே குறைந்துவிடுகின்றன.

குழுக்கள் அமைக்கும் வசதியை ஆற அமரப் பாருங்கள். ஒரு தமிழ் எழுத்துருவில் 150 வடிவங்கள் என்று வைத்துக்கொண்டால் 22,500 ஜோடிகள் சாத்தியம். எழுத்துருக் கோப்பில் ஜோடி மதிப்புகளைச் சேமிக்கும் பழைய கெர்ன் அட்டவணையின் துணை அட்டவணை ஒன்றில் அதிகபட்சம் 10,920 ஜோடிகள்தான் அடங்கும். இன்றைய எழுத்துரு வடிவமான ஓபன்டைப்பில் அந்த வேலையைச் செய்யும் ஜிபாஸ் அட்டவணை, ஒரே மாதிரி விளிம்புள்ள எழுத்துகளைச் சேர்த்த குழுக்களை ஏற்பதால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ப, ம, ட மூன்றுக்கும் இடப்பக்கம் நேர்க்கோடு. வ, ன, ண மூன்றுக்கும் இடப்பக்கம் சுழி. வலப்பக்கம் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது: ப, வ, ன, ண நான்கும் ஒரே குழுவில் நேர்க்கோடாக நிற்கின்றன, டகரம் மட்டும் மேலே திறந்துகிடக்கிறது. ஆகவே இடக் குழுவும் வலக் குழுவும் தனித்தனியாக அமைய வேண்டும். குழுவிலிருந்து ஒரே ஒரு ஜோடியை மட்டும் விலக்கி வேறு மதிப்புக் கொடுக்க முடிய வேண்டும். கொடுத்த விலக்கு வேறு நிறத்திலோ குறியுடனோ தெரிய வேண்டும். இந்தக் கடைசி வசதி இல்லாவிட்டால் எது குழு மதிப்பு, எது விலக்கு என்று சில மாதங்களில் எழுத்துருவை வரைந்தவருக்கே தெரியாமல் போகும்.

இந்த விலக்குகளும் குழுக்களும் வெளியே போகும்போது என்ன ஆகின்றன என்பதில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. சாளரத்தில் எல்லா மதிப்புகளும் ஒழுங்காக இருந்தன. ஏற்றுமதி செய்த எழுத்துருவில் சில எழுத்துகளுக்குப் பிறகு கெர்னிங்கே இல்லை. எழுத்துகளை வரிசையாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பிலுள்ள எச்பி-ஷேப் கட்டளையில் சொல்லைக் கொடுத்தால் ஒவ்வொரு வடிவத்தின் பெயரும் அது நகரும் தொலைவும் எண்ணாக வரும். அதில் பார்த்தால் குறைக்க வேண்டிய இடத்தில் முழு அகலமே நின்றது. எழுத்துருவைப் படிக்கக்கூடிய உரையாக மாற்றும் டிடிஎக்ஸ் கருவியைக் கொண்டு ஜிபாஸ் அட்டவணையைப் பிரித்துப் படித்தபோது காரணம் புரிந்தது. அட்டவணை பெரிதானதால் மென்பொருள் அதைத் துண்டுகளாக வெட்டியிருக்கிறது. குழு அடிப்படையிலான துணை அட்டவணை ஒன்றில் ஜோடியின் முதல் எழுத்து இடம்பெற்றுவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். கிடைத்த மதிப்பு பூஜ்யமாக இருந்தாலும் அடுத்த துண்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரே முதல் எழுத்தை இரண்டு துண்டுகளில் பிரித்து வைத்ததால் பின்னால் இருந்த துண்டு முழுக்க வீணாகிவிட்டது. இதை எந்த விளம்பரப் பக்கமும் சொல்லாது. வாங்குவதற்கு முன்பே ஏற்றுமதி செய்து எண்களைச் சாளரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒப்பிடும் இடத்திலும் கவனம் வேண்டும். என்னோடு பணிபுரியும் வடிவமைப்பாளர் ஒருவர் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தியைக் கோத்து, "கெர்னிங் பிரமாதம், எதையும் தொட வேண்டாம்" என்றார். அங்கே கெர்னிங் ஆப்டிகல் என்ற தேர்வில் இருந்தது. அந்தத் தேர்வு எழுத்துருவுக்குள் நாம் எழுதிய மதிப்புகளைப் பொருட்படுத்தாமல் வடிவங்களைப் பார்த்துத் தானே இடைவெளியைக் கணக்கிடும். எழுத்துருவின் சொந்த மதிப்புகளை எடுத்துக்கொள்ளும் மெட்ரிக்ஸ் தேர்வுக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் எழுத்துருவின் உண்மை முகம் தெரிந்தது. தமிழுக்கு இன்டிசைனின் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற கோப்பு முறையும் இயங்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறாது. வேர்டில் பார்ப்பவர்கள் எழுத்துரு அமைப்பில் கெர்னிங் தேர்வு இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு மென்பொருளுக்கு மாற வேண்டி வந்தால் உழைப்பு கூடவே வருமா என்பதையும் கேளுங்கள். யூஎஃப்ஓ என்ற பொதுவான எழுத்துரு மூலக் கோப்பு வடிவத்தில் கெர்னிங்கும் குழுக்களும் யாரும் திறந்து படிக்கக்கூடிய கோப்புகளாக இருக்கின்றன; ரோபோஃபான்ட் அந்த வடிவத்திலேயே வேலை செய்கிறது. கிளிஃப்ஸும் ரோபோஃபான்டும் மேக்கில் மட்டும் இயங்குபவை. ஃபான்ட்லேப் மேக், விண்டோஸ் இரண்டிலும் இயங்கும். லினக்ஸ் என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ். கருவியைப் பங்குபோட்டு வேலை செய்யும் குழுவுக்கு இது சின்ன விஷயம் அன்று.

மாறும் எழுத்துரு (ஒரே கோப்பில் மெல்லியதிலிருந்து தடித்தது வரை மாறும் எழுத்துரு) செய்பவர்களுக்கு ஒரு சொல். 2016இல் ஓபன்டைப் 1.8 வந்த பிறகு மெல்லிய, தடித்த முதன்மை வடிவங்களுக்கு இடையே கெர்னிங் மதிப்பும் சேர்ந்து மாறுகிறது. தடித்த வடிவில் ஒரு ஜோடிக்கு மதிப்புக் கொடுத்து மெல்லியதில் விட்டுவிட்டால் அங்கே பூஜ்யம் என்றே கொள்ளப்படலாம். விடுபட்ட ஜோடிகளை மென்பொருள் பட்டியலிட்டுக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

எனக்கு இன்னும் முழுத் திருப்தி தராத இடம் ஒன்று உண்டு: 'நீர்' என்ற சொல். நகர ஈகாரத்தின் மேல்சுழி வலப்புறம் சாய்கிறது. ரகரமோ ஒல்லியான எழுத்து, அதன் தலையில் புள்ளி. இரண்டும் மோதிக்கொள்கின்றன. புள்ளியிட்ட ரகரத்தைத் தனி வடிவமாக வரைந்திருந்தால் ஜோடி மதிப்பே போதும். புள்ளியைத் தனியாக வைத்து எழுத்தின் மேல் குறித்த இடத்தில் (நங்கூரத்தில்) பொருத்தும் எழுத்துருவில் ஜோடிக்கு ரகரம் மட்டும்தான் தெரியும். 'நீர்' மோதாமல் இருக்க இடைவெளியைக் கூட்டினால் 'நீராவி' பிளந்து நிற்கும். அடுத்து புள்ளி வந்தால் மட்டும் கூட்டு என்று சூழலோடு சொல்லியாக வேண்டும். அந்த விதியைப் பெரும்பாலும் ஃபீச்சர் கோப்பில், அதாவது எழுத்துரு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகள் அடங்கிய கோப்பில், கையால்தான் எழுதுகிறேன். அதையும் கெர்ன் என்ற ஃபீச்சரில் வைக்காமல், கெர்னிங்கை அணைத்தாலும் இயங்கும் டிஸ்ட் என்ற ஃபீச்சரில் வைக்கிறேன். இணையப் பக்கத்தில் யாராவது கெர்னிங்கை அணைத்துவிட்டால் அழகு குறையலாம், ஆனால் புள்ளியும் சுழியும் முட்டிக்கொள்ளக் கூடாது. கையால் எழுதிய டிஸ்ட் நிரலை அழித்துவிடாமல், தானே உருவாக்கும் கெர்னிங்கோடு சேர்த்து ஏற்றுமதி செய்யும் மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.