நியூகாசிலின் பைக்கர் பகுதியைக் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுக்க வேண்டுமா?

வடகடல்:
நியூகாசிலைச் சுற்றியுள்ள சாதாரணத் தெருக்களையும் கடைவாசல்களையும் புதிதாகக் கேமரா பிடித்தவர்கள் வண்ணத்திலேயே எடுத்துக் குவிக்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும். புகைப்படக் கலைஞர்களான சிர்க்கா-லீசா கொன்டினன் பைக்கரிலும், கிறிஸ் கில்லிப் லைன்மவுத் கடற்கரையில் கடல் ஒதுக்கிய நிலக்கரியைச் சேகரித்தவர்களிடையிலும், டிஷ் மர்த்தா நியூகாசிலின் எல்சிக் பகுதி வேலையற்ற இளைஞர்களிடையிலும் எடுத்த புகழ்பெற்ற படங்கள் வண்ணத்திலா இருக்கின்றன?

டைன்கரை:
பைக்கரில் ஒருமுறையேனும் நின்று பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். பழைய தெருக்களை இடித்துவிட்டுக் கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின் வடிவமைத்த குடியிருப்பின் நீண்ட சுவர், அவ்வழியே வரவிருந்த விரைவுச் சாலையின் இரைச்சலைத் தடுப்பதற்காக, வடக்கே சிறு ஜன்னல்களோடும் பல நிறச் செங்கற்களோடும் எழுந்தது; தெற்கே வண்ணம் பூசிய மரப் பால்கனிகள் இருக்கின்றன. 2007இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. அந்தச் செங்கல்லின் நிறத்தைச் சாம்பலாக்கிவிட்டால் படத்தில் பைக்கர் எங்கே இருக்கிறது?

வடகடல்:
நான் சொன்னது எர்ஸ்கினின் சுவரைப் பற்றியல்ல. கொன்டினன் 1969இல் குடிவந்து, தம் வீடும் இடிபடும் வரை வாழ்ந்து எடுத்த பழைய வரிசை வீடுகளைப் பற்றிச் சொன்னேன். அங்கே கற்கள்மீது படிந்திருந்தது கரி; அதற்கு வண்ணம் எதற்கு?

டைன்கரை:
அந்த வீடுகளும் செங்கல்தான், ஐயா. 1983இல் நூலாக வந்த படங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே கொன்டினன் பின்னாளில் பைக்கருக்குத் திரும்பி வண்ணத்தில் எடுத்து 2009இல் வெளியிட்ட நூலை நீங்கள் மறைப்பது நேர்மையல்ல. அக்காலத்தில் கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டு இருட்டறையிலேயே கழுவி, கையாலேயே பிரிண்ட் போட முடிந்தது, செலவும் குறைவு. கைக்கு எட்டியதைக் கொண்டு அவர்கள் செய்த பெரும் பணியை நீங்கள் சட்டமாக்கப் பார்க்கிறீர்கள்.

இருட்டறை:
செலவு மட்டுமே காரணம் என்பதை ஏற்க முடியாது. அதே எழுபதுகளில் புகைப்படக் கலைஞர் பீட்டர் மிட்செல் லீட்ஸின் கடைகளையும் பட்டறைகளையும் அவற்றின் வாசலில் நின்ற மனிதர்களையும் வண்ணத்தில் எடுத்து, 1979இல் யார்க் நகரில் காட்சிக்கு வைத்தார். வண்ணம் எட்டாத பொருளாக இருக்கவில்லை. வடகிழக்கில் இருந்தவர்கள் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டைன்கரை:
லீட்ஸ் யார்க்‌ஷரில் இருக்கிறது. வடகிழக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைக் கொண்டுவந்து குழப்ப வேண்டாம். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: அந்தச் செங்கல்லின் நிறம் படத்தில் வேண்டுமா, வேண்டாமா?

வடகடல்:
இதே வடகிழக்கின் ரெட்கார் எஃகு ஆலையின் ஊது உலையை 2022இல் வெடிவைத்துத் தகர்த்தபோது நான் இட்ட படங்களின் கீழும் நீங்கள் இதே தொனியில்தான் எழுதினீர்கள், அதை நான் மறக்கவில்லை. துருவின் நிறம் தெரியவில்லை என்று அன்று குறை சொன்னீர்கள்; இன்று செங்கல்லைப் பிடித்திருக்கிறீர்கள். அந்த மக்களின் முகங்கள் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

டைன்கரை:
துரு இல்லாமல் ரெட்கார் இல்லை என்று அன்று சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். முகங்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பைக்கரில் குடியிருப்பவர்களின் படங்களை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருபவன் நான். தம் பால்கனியின் நிறம் போய்விட்டதே என்றுதான் அவர்களும் கேட்பார்கள்.

இருட்டறை:
அவர்கள் சார்பில் நீங்கள் பேசுவது எப்படி? கொன்டினன் பின்லாந்துக்காரர், கில்லிப் மான் தீவுக்காரர். இவர்களில் உள்ளூரில் வளர்ந்தவர் மர்த்தா ஒருவரே, அவர் தம் அண்டை வீட்டாரைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார்.

டைன்கரை:
மர்த்தா எல்சிக்கை எடுத்தார், பைக்கரை அல்ல. இரண்டுக்கும் நடுவில் நகரமே இருக்கிறது. பேச்சை வேறு தெருவுக்கு மாற்றாமல் செங்கல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

வடகடல்:
சொல்லிவிட்டேன். கரிக்கு வண்ணம் தேவையில்லை.